ஏரியில் பெர்ச் எல்லாம் சின்னதாகவே இருக்கிறது, திரும்ப விடுவதா எடுத்துவிடுவதா?

ஈசூன் தூண்டில்:

வணக்கம். ஒரு குழப்பம், விவரம் தெரிந்தவர்கள் யாராவது தெளிவாகச் சொன்னால் நன்றாக இருக்கும்.

என் மச்சான் குடும்பம் பின்லாந்தில் இருக்கிறது. வீட்டுக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு சின்ன ஏரி. ஜூன் பள்ளி விடுமுறைக்குப் பிள்ளைகளோடு அங்கே போகிறோம். அந்த ஏரியில் கிடைப்பது பெரும்பாலும் பெர்ச்தான், பச்சை உடம்பில் கறுப்புப் பட்டை, கீழ்த்துடுப்பு சிவப்பு, பார்க்க அழகான மீன். மண்புழுவைக் கோர்த்துப் போட்ட உடனே கடிக்கிறதாம், ஆனால் எதுவும் ஒரு சாணைத் தாண்டுவதில்லை, பாதிக்கு மேல் உள்ளங்கை அளவுதான். பக்கத்து வீட்டுப் பெரியவர் மச்சானிடம், "சின்னதை எல்லாம் எடுத்துவிடு, திரும்பத் தண்ணீரில் போடாதே, என்றைக்காவது பெரியது மாட்டினால் அதை விட்டுவிடு" என்று சொல்லியிருக்கிறார். எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. சின்னதை விட்டால்தானே அது நாளைக்குப் பெரிதாகும்?

இங்கே சிங்கப்பூரில் பிடோக், லோயர் சிலேத்தார் நீர்த்தேக்கங்களில் பீக்காக் பாஸ் மாட்டினால் நாங்கள் படம் எடுத்துவிட்டுத் தண்ணீரில் விட்டுவிடுகிறோம். பிள்ளைகளுக்கும் அதையே சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அங்கே போய் "எல்லாவற்றையும் வாளியில் போடு" என்றால் என் மூத்த மகள் சும்மா விடமாட்டாள், காரணம் கேட்பாள், அவளுக்குச் சொல்ல எனக்கே காரணம் தெரிய வேண்டும். போதாக்குறைக்கு, பீக்காக் பாஸ் இந்த ஊர் மீனே இல்லை, அதைத் திரும்ப விடுவதும் தப்பு என்று நீர்த்தேக்கத்தில் ஒருவர் சொன்னார். அப்படியென்றால் எதைத்தான் விடுவது, எதை எடுப்பது?

தோமான் பிரியன்:

அண்ணே, என்னைக் கேட்டால் எல்லா இடத்திலும் விட்டுவிடுவதுதான் சரி. இங்கே தண்ணீர் கொஞ்சம், தூண்டில்காரர்கள் அதிகம். வார இறுதியில் பிடோக் மேடையில் நிற்க இடம் கிடைப்பதில்லை. ஆளுக்கு ரெண்டு மீன் வீட்டுக்குக் கொண்டுபோனால் அப்புறம் யாருக்கும் எதுவும் மிஞ்சாது. மீனை மதிக்கிறவன் விடுவான், அவ்வளவுதான்.

ஆனால் விடுவதை ஒழுங்காக விட வேண்டும், இதைப் பலர் கவனிப்பதே இல்லை. கையை நனைத்துக்கொண்டு பிடியுங்கள், காய்ந்த கையில் பிடித்தால் மேலே இருக்கிற வழவழப்பு போய்விடும், அந்த இடத்தில் புண் வரும். வெயிலில் கொதிக்கிற சிமெண்டுத் தரையில் போட்டுப் படம் எடுக்காதீர்கள். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டால் ஒரு நொடியில் கழற்றிவிடலாம். தோமான் மாதிரிப் பெரிய விராலை வாயில் மட்டும் தொங்கவிடாமல் வயிற்றுக்குக் கீழேயும் கை கொடுத்துத் தூக்குங்கள்.

பெர்ச் நான் பிடித்ததில்லை. ஆனால் மீன் மீன்தானே.

பழைய மிதவை:

தோமான் பிரியன் தம்பி சொன்ன கையாளும் முறை அத்தனையும் சரி, ஆனால் "எல்லா இடத்திலும் விட வேண்டும்" என்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்தப் பின்லாந்துப் பெரியவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார், ஏன் என்று கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

ஈசூன் தூண்டில், உங்கள் கணக்கில் ஒரு விஷயம் விட்டுப்போயிருக்கிறது. சின்ன மீன் என்றால் வயது குறைந்த மீன் என்று எடுத்துக்கொள்கிறீர்கள். மீனுக்கு அப்படி இல்லை. அது சாகும்வரை வளரக்கூடியது, எவ்வளவு வளரும் என்பதைத் தீர்மானிப்பது சாப்பாடுதான். அந்த ஏரியில் உள்ளங்கை அளவு பெர்ச்சுக்கு ஆறேழு வயதுகூட இருக்கலாம். அதை விட்டால் நாளைக்குப் பெரிதாகாது, அடுத்த வருஷமும் அதே அளவில்தான் மாட்டும், நடுவில் முட்டையும் போட்டிருக்கும்.

நம் ஊர்ப் பக்கம் ஜிலேபி மீனைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு குட்டையில் ஜிலேபியை விட்டுவிட்டு யாரும் எடுக்காமல் இருந்தால் கொஞ்ச காலத்தில் குட்டை முழுக்க மீன், ஆனால் ஒன்றுகூடச் சட்டிக்கு ஆகாது. விரல் நீளத்திலேயே முட்டை வைத்து, குஞ்சு பொரித்து, இருக்கிற தீனியை ஆயிரம் வாய் பங்கு போட்டுக்கொள்ளும்.

பெர்ச்சில் நடப்பதும் இதேதான், ஆனால் கூடுதலாக ஒரு சிக்கல் உண்டு. பெர்ச் பிறந்ததும் தண்ணீரில் மிதக்கிற நுண்ணுயிர்களைத் தின்னும். கொஞ்சம் வளர்ந்ததும் அடியில் இருக்கிற பூச்சிப் புழுக்களுக்கு மாறும். அதற்கப்புறம் மீன் தின்ன ஆரம்பிக்கும், தன் இனத்துக் குஞ்சுகளையும் சேர்த்து. மீன் தின்னத் தொடங்கிய பிறகுதான் உடம்பு ஏறும். ஏரியில் கூட்டம் அதிகமாகிவிட்டால் நடுக்கட்டத்தில் தீனி போதாமல் பெரும்பாலான மீன் அங்கேயே நின்றுவிடும், அடுத்த கட்டத்துக்குப் போகவே போகாது. எப்படியோ தப்பித்து மேலே போன சில பெரிய பெர்ச்தான் அந்த ஏரியில் சின்னதுகளைத் தின்று கூட்டத்தைக் குறைக்கிறவை. சமையலுக்கு நல்லது என்று அவற்றையே எடுத்துக்கொண்டு சின்னதைத் திரும்ப விட்டால் என்ன ஆகும் என்று நீங்களே யோசியுங்கள். கெட்டுப்போன ஏரி இன்னும் கெடும்.

இதை நடத்தியே பார்த்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் விண்டர்மியர் என்கிற ஏரியில் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், உணவுத் தட்டுப்பாடும் இருந்ததால், கூண்டு வைத்து பெர்ச்சை டன் கணக்கில் அள்ளினார்கள். மத்தி மாதிரி டின்னில் அடைத்து 'பெர்ச்சைன்ஸ்' என்ற பெயரில் விற்றார்கள். கூட்டம் குறைந்ததும் மிச்சமிருந்த பெர்ச் முன்பைவிட வேகமாக வளர்ந்தது. அந்த ஏரியில் விஞ்ஞானிகள் பல பத்தாண்டுகளாகக் கணக்கு எடுத்து வந்ததால் இதெல்லாம் பதிவாகியிருக்கிறது. அதே ஏரியில் 1976-ல் ஒரு நோய் வந்து வளர்ந்த பெர்ச்சில் ஏறக்குறைய 98 விழுக்காடு செத்துப்போனது என்பதும் அந்தக் கணக்கால்தான் தெரியும். அதாவது எண்ணிக்கை அதிகம் என்பதாலேயே ஒரு மீன் பத்திரமாக இருக்கிறது என்று நினைத்துவிடக் கூடாது.

இன்னொன்று. ஆழத்திலிருந்து இழுத்த பெர்ச்சை விடுவதால் பல நேரம் பயனே இல்லை. அதன் காற்றுப்பைக்கும் தொண்டைக்கும் இடையில் குழாய் கிடையாது, உள்ளே இருக்கிற காற்றைச் சட்டென்று வெளியேற்ற முடியாது. பத்து மீட்டருக்கும் கீழேயிருந்து வேகமாகத் தூக்கினால் பை உப்பி, சில நேரம் இரைப்பை வாய்க்கே வந்துவிடும். திரும்ப விட்டால் மேலேயே மிதந்து சாகும். அதை எடுத்துச் சாப்பிடுவதுதான் நியாயம்.

நீரோடை:

பழைய மிதவை ஐயா பெர்ச் பற்றிச் சொன்னதோடு முழுக்க ஒத்துப்போகிறேன். நான் பீக்காக் பாஸ் கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் பின்லாந்து ஏரியின் பெர்ச்சும் நம் நீர்த்தேக்கத்துப் பீக்காக் பாஸும் ஒரே கணக்கு இல்லை. பெர்ச் அந்த ஊர் மீன், சொல்லப்போனால் பின்லாந்தின் தேசிய மீனே அதுதான். அங்கே பிரச்சினை எண்ணிக்கை மட்டும்தான். பீக்காக் பாஸ் தென் அமெரிக்க ஆறுகளிலிருந்து வந்தது. யாரோ தொட்டியில் வளர்த்ததையோ, தூண்டில் விளையாட்டுக்காகவோ தண்ணீரில் விட்டார்கள், இங்கே குளிர்காலமே இல்லாததால் அது நிலைத்துவிட்டது.

பனாமாவில் காத்தூன் ஏரி இருக்கிறதே, கால்வாய்க் கப்பல்கள் போகிற ஏரி, அங்கே 1960-களின் கடைசியில் இந்த மீன் வளர்ப்புக் குளத்திலிருந்து தப்பிப் போனது. சில வருஷங்களிலேயே அதுவரை சாதாரணமாகக் கிடைத்த சின்ன மீனினங்கள் பல அது பரவிய பகுதிகளில் காணாமல் போயின. அந்தச் சின்ன மீன்களை நம்பி இருந்த மீன் தின்னும் பறவைகளும் அங்கே குறைந்தன. இதை 1973-லேயே ஆய்வாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறாக அமெரிக்காவில் புளோரிடா மாநிலத்தில் 1984-ல் அரசாங்கமே பீக்காக் பாஸை வாய்க்கால்களில் விட்டது. அங்கே ஏற்கெனவே திலாப்பியா மாதிரி வெளிநாட்டு மீன்கள் பெருகிப்போயிருந்தன, அவற்றைத் தின்னட்டும் என்று. அங்கே அதற்கு ஓர் எல்லையும் உண்டு, தண்ணீர் ரொம்பக் குளிர்ந்தால் இந்த மீன் தாங்காது. 2010 ஜனவரியில் வந்த குளிரில் ஏராளமாகச் செத்தது. நமக்கு அந்த எல்லை கிடையாது.

சரி, சிங்கப்பூரில் இது எவ்வளவு கெடுதல்? என் கருத்தைச் சொல்கிறேன். நம் நீர்த்தேக்கங்கள் மனிதர் உண்டாக்கியவை. பிடோக் முன்பு மணல் தோண்டிய பள்ளம், லோயர் சிலேத்தார் ஆற்றின் வாயை அடைத்துக் கட்டியது. திறந்த தண்ணீரில் இன்று இருக்கிற மீன்களில் பெரும்பாலானவை வெளியிலிருந்து வந்தவைதான், திலாப்பியா உட்பட. நம் சொந்த நன்னீர் மீன்கள் காட்டு ஓடைகளில்தான் ஒண்டிக்கொண்டு இருக்கின்றன, மத்திய நீர்ப்பிடிப்புக் காட்டிலும் நீ சூன் சதுப்புநிலக் காட்டிலும். அவை நிழலும் லேசான அமிலத் தன்மையும் உள்ள தண்ணீரில் வாழப் பழகியவை, வேறு எங்கும் போக அவற்றுக்கு இடம் இல்லை. அதனால் நீங்கள் பிடோக்கில் பிடித்த பீக்காக் பாஸை அதே பிடோக்கில் விடுகிறீர்களா இல்லையா என்பதைவிட நூறு மடங்கு முக்கியம், அதை ஒருபோதும் வேறு தண்ணீருக்குக் கொண்டுபோகாமல் இருப்பது. வாளியில் போட்டு இன்னொரு குளத்தில், கால்வாயில், ஓடையில் விடுகிற பழக்கம்தான் உண்மையான கேடு. அது சட்டப்படி குற்றமும்கூட. விசாக தினத்தை ஒட்டி தேசியப் பூங்காக் கழகமும் பொதுப் பயனீட்டுக் கழகமும் "விலங்குகளை விடாதீர்கள்" என்று நீர்த்தேக்கங்களில் ஆட்களை நிறுத்திச் சொல்வது இதனால்தான். புண்ணியம் என்று நினைத்து விடுகிற மீன் ஒன்று பட்டினியில் சாகும், இல்லை நிலைத்து நின்று மற்றதைச் சாகடிக்கும். அப்பர் சிலேத்தாரில் தென் அமெரிக்க மோட்டோரோ திருக்கை குட்டி போட்டுப் பெருகியிருக்கிறது, வாலில் விஷ முள். அதுவும் தொட்டியில் வளர்க்க விற்கிற மீன்தான்.

என்னைக் கேட்டால் பீக்காக் பாஸை எடுத்துச் சாப்பிடுங்கள், சதை நன்றாகவே இருக்கும். ஆனால் எடுக்காதவரைக் குற்றவாளியாக நான் பார்க்க மாட்டேன்.

தோமான் பிரியன்:

நீரோடை அக்கா, நீங்கள் சொல்கிற ஓடை மீன் விஷயம் எனக்குப் புதிது, நன்றி. ஆனால் ஒரு சந்தேகம். பீக்காக் பாஸ் ஜோடியாக நின்று குஞ்சைக் காக்கும், நாம் அந்த நேரத்தில் தாயையோ தகப்பனையோ இழுத்துவிட்டால் குஞ்சுகளைத் திலாப்பியாவும் மற்றதும் தின்றுவிடும். எனக்கு அதைப் பார்க்கப் பொறுக்காது. எண்ணிக்கையைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் அதையும் செய்யச் சொல்வீர்களா?

நீரோடை:

குறைப்பதற்கு அதுதான் சுலபமான வழி என்பது உண்மை, மறைக்க மாட்டேன். ஆனால் தூண்டிலில் நாலு ஜோடியை எடுப்பதால் ஒரு நீர்த்தேக்கத்தின் கணக்கு மாறிவிடாது, மிச்சமிருக்கிற ஜோடிகளின் குஞ்சுகளுக்கு அந்தத் தீனி போகும். அப்படிச் செய்ய வேண்டுமானால் நீரை நிர்வகிக்கிறவர்கள் திட்டம் போட்டுச் செய்ய வேண்டும். உங்களுக்குப் பொறுக்கவில்லை என்றால் குஞ்சுக் கூட்டம் தெரிகிற இடத்தில் தூண்டில் போடாதீர்கள், அதில் தப்பே இல்லை.

ஈசூன் தூண்டில்:

எல்லோருக்கும் நன்றி, இவ்வளவு விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. பழைய மிதவை ஐயா, ரெண்டு கேள்வி. அந்த ஏரியில் மீன் சின்னதாக இருப்பது வயது குறைவாலா, இல்லை நீங்கள் சொன்ன மாதிரி வளர்ச்சி நின்றதாலா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அப்புறம், நாங்கள் விடுமுறைக்குப் போய்க் கொஞ்ச நாள் பிடிப்பதால் ஏதாவது மாறுமா?

பழைய மிதவை:

முதலில் மீனின் முகத்தைப் பாருங்கள். வளர்ச்சி நின்ற மீனுக்குத் தலை பெரிதாகவும் உடம்பு ஒல்லியாகவும் இருக்கும், கண் உடம்புக்குப் பொருந்தாத அளவுக்குப் பெரிதாகத் தெரியும். இளம் மீன் சதைப்பிடிப்பாக, சின்ன முகத்தோடு இருக்கும். அப்புறம் வயிற்றைக் கிழித்துச் சுத்தம் பண்ணும்போது பாருங்கள், பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் பெண் மீனுக்குள் சினை முற்றியிருந்தால் உங்களுக்குப் பதில் கிடைத்துவிட்டது. ஆனால் ஜூனில் முட்டை போட்டு முடித்திருக்கும், பனி உருகிய பின் வசந்தத்தில்தான் நீள நாடாவாகச் செடிகளில் சுற்றி வைக்கும், அதனால் இந்தச் சோதனையை மச்சான் அடுத்த வசந்தத்தில் செய்யட்டும்.

நிச்சயமாகத் தெரிய வேண்டுமானால் செவுளை மூடியிருக்கிற தட்டையான எலும்பை எடுத்துக் கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, தோலை உரித்துவிட்டு வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். வளையம் வளையமாகத் தெரியும், ஒவ்வொரு குளிர்காலத்துக்கும் வளர்ச்சி நிற்பதால் வருகிற கோடு அது. விண்டர்மியரில் வயது பார்த்ததும் இந்த எலும்பை வைத்துத்தான். உங்கள் மூத்த மகளை உட்கார வைத்து எண்ணச் சொல்லுங்கள், ஏன் எடுக்கிறோம் என்ற கேள்விக்கு அந்த எலும்பே பதில் சொல்லும். சிங்கப்பூர் மீனில் இது வேலைக்கு ஆகாது, வருஷம் முழுக்க ஒரே சூடு, கோடு தெளிவாக விழாது.

ரெண்டாவது கேள்விக்கு நேராகச் சொல்கிறேன், ஒரு குடும்பம் தூண்டிலில் கொஞ்ச நாள் பிடித்தால் ஏரி மாறாது. பெரிய பெண் மீன் ஒரே நாடாவில் பல ஆயிரம் முட்டை வைக்கும், நாம் தூண்டிலில் துரத்திப் பிடிக்க முடியாது. பின்லாந்திலேயே லாஹ்தி நகரத்துப் பக்கம் வேசியார்வி ஏரியில் 1989-லிருந்து 1993 வரை இழுவலை போட்டு ஏறத்தாழ ஆயிரம் டன் மீனை எடுத்தார்கள். அது பெர்ச்சுக்காக இல்லை, அங்கே ரோச் என்கிற கெண்டை வகை மீனும் ஸ்மெல்ட் என்கிற சின்ன மீனும் மிதக்கிற நுண்ணுயிர்களைத் தின்று தீர்த்ததால் பாசியைத் தின்ன ஆள் இல்லாமல் தண்ணீர் பச்சையாகிப்போனது. சாக்கடையை நிறுத்தியும் தெளியாத தண்ணீர் மீனை எடுத்த பிறகு தெளிந்தது. தண்ணீர் தெளிந்தால் பெர்ச்சுக்கும் நல்லது, அது கண்ணால் பார்த்து வேட்டையாடுகிற மீன். இதெல்லாம் வருஷக்கணக்கில் விடாமல் செய்கிற வேலை, பாதியில் நிறுத்தினால் தப்பித்தவை தின்று கொழுத்து முட்டை போட்டு மறுபடியும் பழைய நிலைக்கே கொண்டுவந்துவிடும்.

சின்ன ஏரி என்பதால் மச்சான் அங்கேயே இருந்து செய்தால் பலன் தெரியும். அங்கே கத்திஸ்கா என்று ஒரு கம்பிவலைக் கூண்டு எல்லோரிடமும் இருக்கும், அதைக் கரையோரம் வைத்தால் பெர்ச் தானாக உள்ளே போகும். ஆனால் கூண்டு வைக்க அந்தத் தண்ணீருக்கு உரிமையுள்ளவர்களின் அனுமதி வேண்டும். பக்கத்து வீட்டுப் பெரியவரே உரிமைக்காரர்களில் ஒருவராக இருக்கலாம், அவரோடு பேசச் சொல்லுங்கள். உங்களுக்குச் சக்கரம் இல்லாத சாதாரணத் தூண்டிலும் புழுவும் போதும், அதற்கு அங்கே கட்டணம் கிடையாது. சக்கரம் வைத்துச் செயற்கை இரை வீசினால் பெரியவர்களுக்கு மீன்வளக் கட்டணம் உண்டு, இணையத்திலேயே கட்டிவிடலாம்.

பெரியதை விடுகிற விஷயத்தில் ஒன்று சேர்க்கிறேன். நாம் இங்கே சந்தையில் வாங்குகிற கொடுவா, மலாய்க்காரர்கள் சியாகாப் என்பார்களே, அது ஆணாகப் பிறந்து பெரிதானபின் பெண்ணாக மாறும். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தின் கிழக்குக் கரையில் 58 சென்டிமீட்டருக்குக் கீழேயும் 120-க்கு மேலேயும் எடுக்கக் கூடாது என்று விதி வைத்திருப்பது அந்தப் பெரிய பெண்களைக் காப்பாற்றத்தான். பெர்ச்சில் காரணம் வேறு, ஆனால் பெரியதைத் தண்ணீரில் வைக்க வேண்டும் என்பது ரெண்டிலும் ஒன்றுதான்.

சட்டிப்பானை:

தூண்டில் எனக்குத் தெரியாது, சமையல் தெரியும். வேலைக்காக வடக்கே இருந்தபோது சின்ன பெர்ச் நிறையச் சமைத்திருக்கிறேன். செதில் கல் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கும், சுரண்டி நேரத்தை வீணாக்காதீர்கள். முதுகுத் துடுப்பு கையைக் குத்தும், முதலில் கத்தரிக்கோலால் அதை வெட்டிவிட்டுத் தோலோடு உரித்து எடுங்கள், கைப்பழக்கம் வந்தால் சடசடவென்று போகும். மிளகாய்த்தூள், மஞ்சள், உப்பு, கொஞ்சம் அரிசி மாவு தடவி மொறுமொறுவென்று பொரித்தால் பிள்ளைகள் தட்டைக் காலி பண்ணிவிடுவார்கள். குழம்புக்கு வேண்டாம், சதை மென்மை, உடைந்துவிடும். பிடித்த உடனே தலையில் ஓங்கி ஒரு தட்டு தட்டிக் கொன்றுவிடுங்கள், வாளியில் துடிக்க விடாதீர்கள், மீனுக்கும் நல்லது சதைக்கும் நல்லது. காட்டு ஏரித் தண்ணீர் தேநீர் நிறத்தில் இருந்தால் பெரிய மீனில் பாதரசம் சேர்ந்திருக்கும், முக்கியமாகப் பைக் மீனில். கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும் என்று அங்கே சொல்வார்கள். சின்ன பெர்ச்சில் அந்தக் கவலை குறைவு.

ஈசூன் தூண்டில்:

பாதரசம் விஷயம் தெரியாது, மச்சானிடம் சொல்கிறேன், அக்கா மாசமாக இருக்கிறாள். கடைசியாக ஒன்று: இங்கே பயன்படுத்துகிற தூண்டில், செயற்கை இரை எல்லாவற்றையும் பெட்டியில் போட்டு அங்கே கொண்டுபோகலாம்தானே?

நீரோடை:

கொண்டுபோகலாம், ஆனால் நன்றாகக் கழுவி எலும்பு மாதிரிக் காய வைத்துவிட்டு. வலை, காலணி, கயிறு எல்லாமே. பின்லாந்து ஏரிகளில் சின்னச் சிங்கி இறால் மாதிரி ஒரு நன்னீர் இனம் இருக்கிறது, அதை அழிக்கிற ஒரு தொற்று ஈரமான சாமான்கள் வழியாக ஏரியிலிருந்து ஏரிக்குப் போகும், அதனால் அங்கேயும் மச்சான் வேறு ஏரிக்குக் கூட்டிப்போனால் நடுவில் காய வைக்காமல் அதே வலையை இறக்காதீர்கள். திரும்பி வரும்போதும் அப்படியே. பிடோக்கில் மறுபடி போடுவதற்கு முன்னால் ஒரு முழு நாள் மாடத்து வெயிலில் தொங்கவிடுங்கள். அப்புறம் மிச்சமிருக்கிற மண்புழுவை ஏரிக்கரையில் கொட்டாதீர்கள், குப்பையில் போடுங்கள். இங்கே நீர்த்தேக்கத்தில் செயற்கை இரை மட்டும்தான் என்பதைப் பிள்ளைகளுக்கு ஞாபகப்படுத்துங்கள், அங்கே புழு போட்டுப் பழகிவிட்டு வந்து இங்கேயும் கேட்பார்கள்.